தென் தாய்லாந்துக் கடற்கரை விடுமுறை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென் தாய்லாந்துக் கடற்கரைகளுக்குப் போக எந்த மாதம் ஏற்றது?

இந்தக் கேள்விக்கு ஒரே விடை கிடையாது, ஏனென்றால் தென் தாய்லாந்துக்கு இரண்டு கரைகள் உள்ளன. இரண்டுக்கும் மழைக்காலம் வேறு. மேற்கே அந்தமான் கடலைப் பார்த்திருக்கும் கரையில் புக்கெட், பாங்கா, காவ் லாக், கிராபி, பீ பீ, கோ லாந்தா, திராங், கோ லீப்பே ஆகியவை வருகின்றன. கிழக்கே தாய்லாந்து வளைகுடாவில் கோ சமுய், கோ பங்கன், கோ தாவ் என்னும் மூன்று தீவுகள் இருக்கின்றன. மே முதல் அக்டோபர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று அந்தமான் கரையை நேராகத் தாக்குகிறது. அந்தக் காலத்தில் அங்கே அலை உயரும், படகுப் பயணங்கள் திடீரென ரத்தாகும், கடல் கலங்கி நீருக்கடியில் எதுவும் தெளிவாகத் தெரியாது. நவம்பர் முதல் ஏப்ரல் வரை அதே கடல் அமைதியாகிவிடும். வளைகுடாத் தீவுகளுக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெருமழை. அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை பெய்யும் அந்த மழை நவம்பரில்தான் மிகக் கடுமையாக இருக்கும்.

ஆகவே, பள்ளிக் கோடை விடுமுறையான மே மாதத்தில் செல்லும் குடும்பங்கள் புக்கெட்டை விட்டுக் கோ சமுய்ப் பக்கம் திரும்புவது நல்லது. தீபாவளியை ஒட்டி அக்டோபர் இறுதியிலோ நவம்பரிலோ செல்பவர்கள் அந்தமான் கரையைத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் அக்டோபர் முழுதும் இரு கரைகளிலும் மழைக்கு வாய்ப்பு உண்டு என்பதை அறிந்தே முன்பதிவு செய்ய வேண்டும். பொங்கல் காலமும், அதைத் தொடர்ந்து வரும் பிப்ரவரி, மார்ச் மாதங்களும் இரண்டு கரைகளுக்கும் பொருந்துபவை. நான் யாருக்குப் பரிந்துரைத்தாலும் முதலில் சொல்வது பிப்ரவரியைத்தான். கட்டணம் மலிவாக இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகச் செப்டம்பரில் புக்கெட் செல்பவர்கள், சிவப்புக் கொடி நட்ட கடற்கரையை அறை ஜன்னல் வழியாகப் பார்த்துத் திரும்ப நேரலாம்.

ஒரு வாரத்தில் எத்தனை இடங்களைப் பார்க்கலாம்?

இரண்டு இடங்களில் தங்கலாம்; மூன்று அதிகம். வரைபடத்தில் தீவுகள் அருகருகே தெரிந்தாலும், விடுதியிலிருந்து படகுத்துறைக்கு ஒரு வண்டி, துறையில் காத்திருப்பு, படகு, மறுதுறையிலிருந்து இன்னொரு வண்டி என ஒவ்வொரு இடமாற்றமும் ஏறத்தாழ அரை நாளை எடுத்துக்கொள்ளும். புக்கெட்டின் ரசாதா துறையிலிருந்து பீ பீ தீவுக்குப் படகில் இரண்டு மணி நேரம் ஆகும். புக்கெட்டிலிருந்து கிராபிக்குச் சாலை வழியாக இரண்டரை முதல் மூன்று மணி நேரம் ஆகும். இரு கரைகளையும் ஒரே வாரத்தில் பார்க்கத் திட்டமிடுவது பயணத்தைச் சாலையிலேயே செலவழிப்பதாகும்.

பாங்காக்கில் இரண்டு நாள், புக்கெட்டில் இரண்டு நாள், கிராபியில் இரண்டு நாள் என்று பல சுற்றுலா முகவர்கள் விற்கும் தொகுப்புகளில் கடலுக்கென ஒதுக்கப்படுவது உண்மையில் மிகக் குறைவான நேரமே. ஒரு நாள் அலை பெரிதாக இருந்தால் மறுநாள் போகலாம் என்ற இடைவெளி திட்டத்தில் இருக்க வேண்டும். அந்த இடைவெளி இல்லாதவர்களே மோசமான வானிலையிலும் படகேறத் துணிகிறார்கள்.

புக்கெட்டில் எந்தக் கடற்கரையில் தங்குவது?

புக்கெட் தாய்லாந்தின் மிகப் பெரிய தீவு. வடக்கு தெற்காக ஏறத்தாழ 48 கிலோமீட்டர் நீளமுள்ளது. பாலங்களால் பெருநிலத்துடன் இணைந்தது. நல்ல கடற்கரைகள் எல்லாம் அதன் மேற்குக் கரையில் உள்ளன. இரவு விடுதிகள், கடைத்தெரு, இந்திய உணவகங்கள் என எல்லாம் நடைதூரத்தில் வேண்டும் என்பவர்களுக்குப் பாத்தோங் ஏற்றது. ஆனால் கடலுக்காகச் செல்பவர்கள் அங்கே தங்க வேண்டியதில்லை. காத்தா, காத்தா நோய், கரோன் ஆகிய கடற்கரைகளில் மணலும் நீரும் இதைவிடத் தூய்மையாக இருக்கும். தெற்கு முனையில் உள்ள நாய் ஹார்ன் சிறியது, அழகியது. மாலையில் அருகிலுள்ள புரோம்தெப் முனைக்குச் சென்று கதிரவன் மறைவதைப் பார்க்கலாம். வடக்கே விமான நிலையத்துக்கு அருகில் உள்ள நாய் யாங், சவுக்கு மரங்களின் நிழல் கரை நெடுக விழும் கடற்கரை. சிரிநாத் தேசியப் பூங்காவுக்குள் வருவதால் கட்டடங்களின் நெருக்கம் குறைவு.

கூட்டமே வேண்டாம் என்பவர்கள் புக்கெட்டில் தங்காமல் வடக்கே காவ் லாக்குக்கோ, தெற்கே கோ லாந்தாவுக்கோ சென்றுவிடலாம்.

கிராபியிலும் ரெய்லேயிலும் என்ன செய்யலாம்?

கிராபியின் பெருமை அதன் சுண்ணாம்புக்கல் குன்றுகள். பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்து இறுகிய கல், மழைநீரால் கரைந்தும் அலையால் அரிக்கப்பட்டும் இன்று செங்குத்துச் சுவர்களாகக் கடலிலிருந்து நேராக எழுந்து நிற்கிறது. இந்தச் சுவர்கள் சூழ்ந்திருப்பதால் ரெய்லே பெருநிலத்தின் ஒரு பகுதியாக இருந்தும் சாலைத் தொடர்பு இல்லாத இடம். ஆவ் நாங் கடற்கரையிலிருந்து நீள்வால் படகில் கால் மணி நேரத்தில் சென்று சேரலாம். பயணிகள் போதுமான அளவு சேர்ந்ததும் படகு புறப்படும் என்பதால் காலையில் காத்திருப்பு குறைவு, மாலையில் அதிகம்.

ரெய்லேயின் மேற்குக் கரை குளிப்பதற்கு உரியது. கிழக்குக் கரை சேறும் அலையாத்தி மரங்களும் நிறைந்தது. அங்கே குளிக்க முடியாது. கிழக்குக் கரையிலிருந்து குன்றின் அடிவாரமாக நடந்தால் பிரா நாங் கடற்கரை வரும். அங்குள்ள குகையில் கடல் தேவதை ஒருத்தி உறைவதாக உள்ளூர் மீனவர்கள் நம்புகிறார்கள். மரத்தில் செதுக்கிய லிங்க வடிவங்களை நேர்ந்துகொண்டு காணிக்கையாகக் குவித்திருப்பதைப் பார்க்கலாம். அது வழிபாட்டிடம், வேடிக்கைப் படம் எடுக்கும் இடமல்ல. பாறை ஏறுவோருக்கு ரெய்லேயும் அதை அடுத்த தோன்சாய் கடற்கரையும் உலகப் புகழ்பெற்றவை. இதுவரை ஏறியே பழகாதவர்களுக்கும் கயிறு, கவசம், பயிற்றுநருடன் அரை நாள் வகுப்புகள் நடக்கின்றன. உயரத்துக்கு அஞ்சாத பதின்வயதுப் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல அனுபவம் கிராபியில் இல்லை என்பேன்.

கிராபி நகருக்கு அருகில் உள்ள புலிக்குகைக் கோயிலில் உச்சிக்கு 1,200-க்கும் மேற்பட்ட செங்குத்தான படிகள் உள்ளன. விடியற்காலையில் ஏறத் தொடங்க வேண்டும்; முழங்கால் வலி உள்ளவர்கள் அடிவாரத்தோடு நின்றுகொள்வது நல்லது. குளோங் தோம் பகுதியில் காட்டுக்குள் வெந்நீர் ஊற்று ஓடையாகப் பாயும் இடமும், மரகதக் குளமும் ஒரே நாளில் பார்க்கத் தக்கவை.

ஓத அட்டவணையைப் பார்க்க வேண்டும் என்கிறார்களே, அது அவ்வளவு அவசியமா?

மிகவும் அவசியம். அந்தமான் கரையில் நாளொன்றுக்கு இருமுறை கடல் ஏறி இருமுறை வற்றுகிறது; அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றுக்கும் இடையே உள்ள வேறுபாடு மிகுதியாகும். காலையில் நீர் நிறைந்து தெரிந்த அதே கடற்கரையில் நண்பகலில் நூறு மீட்டருக்கு வெறும் மணலும் பாறையும் தெரியலாம். படகு கரைக்கு வர முடியாமல் தொலைவில் நிற்கும். பெட்டியைத் தலைமேல் வைத்துக்கொண்டு முழங்கால் நீரில் நடக்க நேரிடும்.

சில இடங்கள் முழுக்க முழுக்க ஓதத்தைச் சார்ந்தவை. கிராபிக்கு எதிரே உள்ள தூப் தீவுக்கும் கோழித் தீவுக்கும் இடையே வற்று நேரத்தில் மட்டும் மணல்திட்டு வெளிப்படும். கடல் நடுவே நடந்து ஒரு தீவிலிருந்து மற்றொன்றுக்குப் போகலாம். நீர் ஏறியபின் சென்றால் பார்க்க ஒன்றுமில்லை. திராங் மாநிலத்தின் கோ மூக் தீவில் உள்ள மரகதக் குகையில் ஏறத்தாழ 80 மீட்டர் இருளில் நீந்திச் சென்றால், நாற்புறமும் பாறைச் சுவர் சூழ்ந்த சிறு கடற்கரை ஒன்று திறந்த வானத்தின் கீழ் இருக்கும். நீர் உயரமாக இருக்கும் வேளையில் குகை வாய் மூழ்கிவிடுவதால் உள்ளே செல்ல இயலாது. விடுதி வரவேற்பறையிலோ படகுத்துறையிலோ அன்றைய ஓத நேரத்தைக் கேட்டால் சொல்வார்கள். நான்கு தீவுச் சுற்றுலா, ஐந்து தீவுச் சுற்றுலா என்று விற்கப்படுபவற்றில் காலைப் பயணமா பிற்பகல் பயணமா என்பதை இந்த நேரத்தைப் பார்த்தே முடிவு செய்யுங்கள்.

பாங்கா விரிகுடாவுக்குப் போவது பயனுள்ளதா?

நிச்சயமாக. ஒரே ஒரு நாள்தான் படகுக்கு ஒதுக்க முடியும் என்றால், பீ பீயை விட்டுவிட்டு இங்கே செல்லுங்கள் என்பது என் கருத்து. புக்கெட்டுக்கும் கிராபிக்கும் இடையே ஆழமற்ற பச்சை நிறக் கடலில் நூற்றுக்கணக்கான சுண்ணாம்புக் குன்றுகள் எழுந்து நிற்கும் இந்த விரிகுடா, 1981-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. பெரும்பாலோர் 1974-ஆம் ஆண்டின் ஜேம்ஸ் பாண்ட் படத்தில் வந்த தாப்பூ பாறையைப் பார்க்கவே வருகிறார்கள். அடி குறுகி மேலே விரிந்து நிற்கும் அந்தப் பாறை வியக்கத் தக்கதுதான். ஆனால் அங்கே கூட்டத்துக்கும் நினைவுப் பொருள் கடைகளுக்கும் நடுவே அரை மணி நேரத்துக்கு மேல் நிற்கத் தேவையில்லை.

இந்த விரிகுடாவின் உண்மையான செல்வம் ஹோங் எனப்படும் உட்கடல்கள். குன்றின் உள்ளே இருந்த பெருங்குகையின் கூரை இடிந்து விழுந்ததால் உருவான இவற்றுக்குள் செல்ல, பாறையடியில் உள்ள குறுகிய துளை வழியாகச் சிறு காற்றடைத்த படகில் மல்லாந்து படுத்தபடி நுழைய வேண்டும். நீர் மிக உயர்ந்தால் துளை அடைபடும், மிகத் தாழ்ந்தால் படகு தரைதட்டும். இரண்டுக்கும் இடைப்பட்ட நேரத்தில்தான் வழி திறக்கும். உள்ளே அலையாத்தி மரங்களும் குரங்குகளும் இருக்கும், மேலே வட்டமாக வானம் தெரியும். அங்கே உரக்கப் பேச வேண்டாமென வழிகாட்டிகள் கேட்டுக்கொள்வார்கள், அதற்கு இணங்குங்கள்.

மதிய உணவுக்குப் பெரும்பாலான படகுகள் கோ பன்யீயில் நிற்கும். செங்குத்தான பாறையின் அடியில், நீரில் நட்ட தூண்கள் மேல் எழுந்த இஸ்லாமிய மீனவர் கிராமம் அது. பள்ளிவாசலும் பள்ளிக்கூடமும் உண்டு. முன்வரிசையில் உள்ள பெரிய உணவகங்களைக் கடந்து உள்ளே நடந்தால் வீடுகள் வரும். தோளும் முழங்காலும் மூடிய உடையில் நடப்பது அந்த மக்களுக்குச் செய்யும் மரியாதை.

மாயா வளைகுடாவில் இப்போது குளிக்க முடியுமா?

முடியாது. நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கான பயணிகளும் படகுகளின் நங்கூரங்களும் சேர்ந்து பவளப்பாறைகளை அழித்ததால் 2018 ஜூனில் மூடப்பட்ட, பீ பீ தீவுக் கூட்டத்தைச் சேர்ந்த அந்த வளைகுடா, 2022 ஜனவரியில் கடும் விதிகளுடன் மீண்டும் திறக்கப்பட்டது. படகுகள் முன்புறம் வரக்கூடாது. பின்புறத்து லோ சாமா துறையில் இறங்கி நடைபாதை வழியாக வர வேண்டும். நீரில் நீந்த அனுமதியில்லை, காலை நனைக்கலாம். ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் முழுமையாக மூடப்படும். மூடியிருந்த காலத்தில் கருமுனைச் சுறாக்கள் அந்த ஆழமற்ற நீருக்குத் திரும்பி வந்தன. கரையில் நின்றே இன்றும் அவற்றைக் காணலாம். இந்த விதிகள் நம் விடுமுறையைக் குறைப்பதாக எண்ண வேண்டாம். கடலுக்கு ஓய்வு கொடுத்தால் அது மீளும் என்பதற்கு இதைவிடக் கண்கூடான சான்று அந்தக் கரையில் இல்லை.

நீந்தத் தெரியாதவர்கள் ஸ்நார்க்கலிங், ஸ்கூபா செய்யலாமா?

ஸ்நார்க்கலிங் செய்யலாம், லைஃப் ஜாக்கெட் அணிந்து, வழிகாட்டி கைக்கெட்டும் தொலைவில் இருந்தால். முகமூடி அணிந்து, குழாய் வழியே வாயால் மூச்சுவிடும் பழக்கத்தை முதல் நாளே விடுதி நீச்சல்குளத்திலோ இடுப்பளவு கடல்நீரிலோ பயின்றுகொள்ளுங்கள். படகிலிருந்து நேரடியாக ஆழ்கடலில் இறங்கி அங்கே கற்றுக்கொள்ள முயல்வதுதான் பதற்றத்துக்குக் காரணம். பெண்கள் முழுக்கை நீச்சல் உடையும் கால்சட்டையும் அணியலாம். சேலை, சுடிதார், ஜீன்ஸ் ஆகியவை நீரில் கனத்து இழுக்கும் என்பதால் கடலுக்கு ஆகாதவை.

காற்றுக்கலன் சுமந்து நீருக்கடியில் செல்லும் ஸ்கூபாவில், பயிற்றுநர் உடன்வர 12 மீட்டர் ஆழம் வரை செல்லும் அறிமுக முழுக்கு ஒன்று உண்டு. அதற்கு நீச்சல் தேர்வு கிடையாது. முறையான முதல்நிலைச் சான்றிதழ் பெற விரும்புபவர்கள் 200 மீட்டர் நீந்தவும், பத்து நிமிடம் மிதக்கவும் தெரிந்திருக்க வேண்டும். அந்தப் பயிற்சிக்கு மூன்று அல்லது நான்கு நாள் ஆகும். முடித்தால் 18 மீட்டர் வரை செல்லலாம். வளைகுடாவின் கோ தாவ் தீவு இப்பயிற்சிக்கு உலக அளவில் பெயர்பெற்றது. அமைதியான, ஆழமற்ற குடாக்கள் நிறைய இருப்பதும், பள்ளிகளுக்கு இடையே போட்டி இருப்பதால் கட்டணம் குறைந்திருப்பதும் அதற்குக் காரணம். கோ தாவுக்கும் கோ பங்கனுக்கும் இடையே உள்ள செயில் ராக் பாறையருகே சில வேளை திமிங்கலச் சுறாக்கள் தென்படும். ஆஸ்துமா, இதயநோய், காதுநோய் உள்ளவர்கள் ஊரிலேயே மருத்துவரிடம் கேட்டுவிட்டு வாருங்கள். கடைசி முழுக்குக்கும் விமானம் ஏறுவதற்கும் இடையே குறைந்தது 18 மணி நேரம் விட வேண்டும். இல்லையென்றால் இரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் குமிழிகளாகி உயிருக்கே ஆபத்தாகும்.

அந்தமான் பக்கம் மிகத் தெளிந்த நீரைக் காண விரும்பினால் சிமிலான் தீவுகளுக்குச் செல்ல வேண்டும். காவ் லாக் அருகே தாப் லாமு துறையிலிருந்து விரைவுப் படகில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். அக்டோபர் நடுப்பகுதி முதல் மே நடுப்பகுதி வரை மட்டுமே அவை திறந்திருக்கும். இரவு தங்க அனுமதியில்லை.

பவளப்பாறைகளைப் பாதுகாக்கப் பயணிகள் என்ன விதிகளைக் கடைப்பிடிக்க வேண்டும்?

பவளத்தைத் தொடவும் அதன்மேல் நிற்கவும் கூடாது; மீன்களுக்கு ரொட்டி போடக்கூடாது; சிப்பியோ மணலோ எடுத்துவரக்கூடாது. ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்ஸேட், பியூட்டைல்பாரபென், 4-மெத்தில்பென்சிலிடின் கேம்பர் ஆகிய நான்கு பொருட்களில் எது கலந்த சன்ஸ்கிரீனையும் 2021 முதல் தேசியக் கடல் பூங்காக்களில் பயன்படுத்தத் தடை உள்ளது. அபராதம் ஒரு லட்சம் பாட் வரை விதிக்கப்படலாம். நம்மூர்க் கடைகளில் வாங்கும்போதே புட்டியின் பின்புறத்தைப் படித்துப் பாருங்கள். உடம்பை மூடும் உடையே எல்லாவற்றிலும் சிறந்த வழி; பூசும் களிம்பு பாதிக்கும் குறைவாகவே தேவைப்படும்.

கடலில் குளிக்கும்போது எவற்றுக்கு எச்சரிக்கையாக இருக்க வேண்டும்?

சிவப்புக் கொடி பறந்தால் இறங்கக் கூடாது. கரை வெயிலில் மின்னிக்கொண்டிருந்தாலும், மற்றவர்கள் குளித்துக்கொண்டிருந்தாலும் இறங்கக் கூடாது. மே முதல் அக்டோபர் வரை புக்கெட்டின் மேற்குக் கரைகளில் ஆண்டுதோறும் பயணிகள் மூழ்கி இறப்பதற்கு முதன்மைக் காரணம், கரையிலிருந்து கடலை நோக்கிப் பாயும் இழுநீரோட்டம். அதில் சிக்கியவர் கரையை நோக்கி எதிர்த்து நீந்தினால் களைத்து மூழ்குவார். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி ஓட்டத்தைக் கடந்தபின் திரும்ப வேண்டும், நீந்த முடியாவிட்டால் மிதந்தபடி கையை உயர்த்த வேண்டும். சிவப்பு மஞ்சள் கொடிகள் இரண்டுக்கு நடுவே உள்ள பகுதி உயிர்காப்பாளர் கண்காணிப்பில் உள்ளது, அங்கேயே குளியுங்கள்.

வளைகுடாத் தீவுகளில் பெட்டி வடிவ ஜெல்லி மீன் கொட்டி உயிரிழப்புகள் நிகழ்ந்துள்ளன. அதனால்தான் சமுய், பங்கன் கடற்கரைகளில் வினிகர் புட்டி வைத்த கம்பங்களைக் காண்கிறீர்கள். கொட்டிய இடத்தைத் தேய்க்காமல், நன்னீர் ஊற்றாமல், வினிகரை அரை நிமிடமாவது தொடர்ந்து ஊற்ற வேண்டும். மூச்சுத் திணறினால் உடனே 1669 என்ற மருத்துவ அவசர எண்ணை அழைக்க வேண்டும். சுற்றுலாக் காவல் துறையின் எண் 1155.

வளைகுடாத் தீவுகள் மூன்றில் எதைத் தேர்ந்தெடுப்பது?

குழந்தைகளும் முதியவர்களும் உள்ள குடும்பத்துக்குக் கோ சமுய்: விமான நிலையம், மருத்துவமனைகள், நல்ல சாலை என எல்லாம் உண்டு. முழுநிலவு இரவில் ஹாத் ரின் கடற்கரையில் நடக்கும் கொண்டாட்டத்துக்குப் பெயர்பெற்ற கோ பங்கன், மற்ற நாட்களில் அமைதியான தீவு. வடக்குக் கரையில் தங்கினால் அந்த ஆரவாரம் எட்டாது. நீருக்கடியில் செல்பவர்களுக்குக் கோ தாவ். மூன்றில் எங்கே தங்கினாலும் ஆங் தோங் கடல் பூங்காவுக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள். 42 தீவுகள் கொண்ட அந்தப் பூங்காவில், மே கோ தீவின் செங்குத்துப் படிகளில் ஏறினால் குன்றுகளின் நடுவே சிறைப்பட்ட உப்புநீர் ஏரி பச்சையாகத் தெரியும்.

சைவ உணவு கிடைக்குமா?

கிடைக்கும், ஆனால் கேட்கும் முறையை அறிந்திருக்க வேண்டும். காய்கறிக் குழம்பு என்று நீங்கள் கேட்டு வாங்குவதிலும் மீன் சாறான நாம் பிளாவும், இறால் விழுதான கப்பியும் கலந்திருப்பது அங்கே இயல்பு. தென் தாய்லாந்தின் பெரும்பாலான குழம்பு மசாலாக்களில் கப்பி அரைக்கும்போதே சேர்ந்துவிடுகிறது என்பதால், கறி இல்லாமல் என்று சொன்னால் மட்டும் போதாது. "கின் ஜே" என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள். ஜே உணவில் இறைச்சி, மீன், முட்டை, பால் எதுவும் இருக்காது. பூண்டு, வெங்காயமும் சேர்க்கப்படாது. மஞ்சள் பின்னணியில் சிவப்பு எழுத்தில், 17 என்ற எண்ணைப் போலத் தோன்றும் குறி மாட்டிய கடைகள் இந்த உணவுக்கு உரியவை. அவற்றில் பல காலையில் திறந்து பிற்பகலுக்குள் மூடிவிடும். முட்டையும் பாலும் பரவாயில்லை என்பவர்கள் "மங்சவிராத்" என்று கேட்கலாம்.

சீன நாட்காட்டியின் ஒன்பதாம் மாதத்தில், அதாவது செப்டம்பர் இறுதியிலோ அக்டோபரிலோ, ஒன்பது நாள் புக்கெட்டில் சைவ உணவுத் திருவிழா நடைபெறுகிறது. அப்போது நகரமெங்கும் மஞ்சள் கொடி பறக்கும், தெருவெங்கும் ஜே உணவு கிடைக்கும். 1825-இல் கத்து என்னும் வெள்ளீயச் சுரங்க ஊருக்கு வந்த சீன நாடகக் குழுவினர் நோய் நீங்க நோன்பிருந்ததே இதன் தொடக்கம் என்பது மரபு. நோன்பிருந்தோர் கன்னத்தில் அலகு குத்திக்கொண்டு ஊர்வலம் வருவதையும் தீ மிதிப்பதையும் காணும் தமிழருக்கு அது அந்நியமாகத் தோன்றாது. கடலுக்கு அது நல்ல பருவமல்ல என்றாலும், இத்திருவிழாவுக்காகவே சென்று வரலாம்.

அசைவம் உண்பவர்கள் எதைச் சுவைக்க வேண்டும்?

பாங்காக் உணவைவிடத் தெற்கத்திய உணவு காரமும் மஞ்சளும் மிகுந்தது. நம் நாவுக்கு நெருக்கமானது. புளிப்பும் காரமுமான மஞ்சள் மீன் குழம்பு கேங் சோம், நீரின்றி வறுத்தெடுக்கும் குவா கிளிங், இறாலுடன் வதக்கிய சதாவ் என்னும் மணமிக்க அவரை வகை ஆகிய மூன்றையும் விடாதீர்கள். கிராபியிலும் லாந்தாவிலும் இஸ்லாமியர் மிகுதி என்பதால் ஹலால் உணவும், தெருவோரத்தில் வாழைப்பழம் வைத்து மடித்துச் சுடும் ரொட்டியும் எளிதில் கிடைக்கும். மாம்பழமும் தேங்காய்ப்பால் ஊற்றிய ஒட்டரிசியும் மார்ச் முதல் மே வரை மிக நன்றாக இருக்கும்.

மழை பெய்யும் நாளில் என்ன செய்வது?

புக்கெட் பழைய நகரத்தின் தலாங் தெருவில் வெள்ளீய வணிகத்தால் செழித்த சீனக் குடும்பங்கள் கட்டிய இருமாடி வீடுகளைப் பார்க்கலாம். தொடர்ச்சியான முகப்புத் தாழ்வாரம் உள்ளதால் மழையிலும் நடக்க முடியும். இரண்டு நாள் இருந்தால் காவ் சோக் தேசியப் பூங்காவுக்குச் சென்று, ராச்சபிரபா அணையால் உருவான சியாவ் லான் ஏரியில் மிதக்கும் குடில்களில் தங்கலாம்.

வரலாற்றில் ஆர்வமுள்ள தமிழருக்கு வேறொரு வழி உண்டு. காவ் லாக்குக்கு வடக்கே உள்ள தகுவா பா, மலாயாத் தீபகற்பத்தைக் கடக்கும் பழைய வணிக வழியின் மேற்குத் துறைகளுள் ஒன்று. அங்கே கண்டெடுக்கப்பட்ட ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, பல்லவ மன்னன் மூன்றாம் நந்திவர்மனின் பட்டப்பெயரைத் தாங்கிய அவனிநாரணம் என்ற குளத்தையும், அதன் காவலை ஏற்ற மணிக்கிராமத்தார் என்னும் வணிகக் குழுவினரையும் குறிப்பிடுகிறது. இராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தியில் வரும் தலைத்தக்கோலம் இந்த ஊரே என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். அதே மெய்க்கீர்த்தியில் வரும் மாதமாலிங்கம் என்பது கிழக்குக் கரையின் நக்கோன் சி தம்மராத் பகுதி. தகுவா பாவில் கிடைத்த பெரிய திருமால் சிலையைப் புக்கெட்டின் தலாங் தேசிய அருங்காட்சியகத்தில் காணலாம். கிராபியின் குளோங் தோமில் பழங்கால மணிகள் ஏராளமாகக் கிடைத்த மேட்டிலிருந்து, "பெரும்பதன் கல்" என்று தமிழ் பிராமியில் பொறித்த சிறு உரைகல் ஒன்று கிடைத்தது. பொற்கொல்லர் ஒருவர் பொன்னை உரைத்துப் பார்த்த அந்தக் கல் அவ்வூர்க் கோயிலின் அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. வெந்நீர் ஓடைக்குச் செல்பவர்கள் இந்த ஊரைக் கடந்துதான் செல்கிறார்கள். பெரும்பாலோர் நிற்பதில்லை என்பது எனக்கு வருத்தமே.

சுனாமி பாதித்த இடங்களைப் பார்க்கலாமா?

பார்க்கலாம், பார்க்கவும் வேண்டும். 2004 டிசம்பர் 26 அன்று நாகப்பட்டினத்தைத் தாக்கிய அதே பேரலைகள் காவ் லாக் கரையையும் அழித்தன. தாய்லாந்தில் 5,000-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அலையால் கரையிலிருந்து ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் உள்ளே தூக்கி வீசப்பட்ட காவல் படகு 813, விழுந்த இடத்திலேயே நினைவுச்சின்னமாக நிற்கிறது. சுரின் தீவுகளில் வாழும் மோக்கென் என்னும் கடல் மக்கள், நீர் திடீரென உள்வாங்கியதன் பொருளை முன்னோர் சொல்வழி அறிந்திருந்ததால் மேட்டுக்கு ஏறித் தப்பினர். இன்று கடற்கரைச் சாலைகளில் நீலப் பலகைகள் மேட்டுக்குச் செல்லும் வழியைக் காட்டுகின்றன. விடுதிக்குச் சென்றதும் அந்த வழியை ஒருமுறை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

யானைச் சவாரி செய்யலாமா?

வேண்டாம். 1989-இல் மரம் வெட்டுதல் தடைசெய்யப்பட்டபின் வேலையிழந்த யானைகள் சுற்றுலாவுக்குக் கொண்டுவரப்பட்டன. சவாரிக்கும் வித்தைக்கும் பழக்கும் முறை கொடியது. சவாரியும் குளிப்பாட்டலும் இன்றி, தொலைவில் நின்று பார்க்க மட்டும் அனுமதிக்கும் காப்பகங்களைத் தேடிச் செல்லுங்கள்.

தீவுகளில் ஸ்கூட்டர் வாடகைக்கு எடுக்கலாமா?

இருசக்கர வாகனத்துக்கான பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி இல்லாமல் எடுக்காதீர்கள். கடைக்காரர் கேட்கமாட்டார், விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் கேட்கும். சமுய், பங்கன், புக்கெட் மூன்றிலும் செங்குத்தான, மணல் படிந்த வளைவுகள் உள்ளன. புக்கெட்டில் விமான நிலையத்திலிருந்து மேற்குக் கரை வழியாக ராவாய் வரை பேருந்து ஓடுகிறது. வாடகை வண்டி அழைக்கும் கிராப், போல்ட் செயலிகளும் இயங்குகின்றன. ஜெட் ஸ்கீயோ ஸ்கூட்டரோ எதை எடுத்தாலும், ஏற்கெனவே உள்ள கீறல்களை உரிமையாளர் முன்னிலையில் காணொளியாகப் பதிவு செய்யுங்கள். கடவுச்சீட்டை ஒருபோதும் அடகாகக் கொடுக்காதீர்கள்.

விசா, நுழைவுப் படிவம் பற்றி?

2024 ஜூலையில் இந்தியர், இலங்கையர் உள்ளிட்டோருக்கு 60 நாள் விசா விலக்கு அறிவிக்கப்பட்டது. இவ்வகை விதிகள் மாறக்கூடியவை என்பதால் பயணச்சீட்டு எடுக்கும் முன் தாய்லாந்துத் தூதரகத் தளத்தைப் பாருங்கள். 2025 மே முதல், வருகைக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் வருகை அட்டையை நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணமில்லை, பணம் கேட்கும் தளங்கள் அரசுத் தளங்கள் அல்ல. மலேசியத் தமிழர்களுக்குப் பாடாங் பெசார் வழியாக ஹாட் யாய்க்கு ரயிலும், பருவ காலத்தில் லங்காவியிலிருந்து கோ லீப்பேவுக்குப் படகும் உண்டு. மின்சிகரெட் தாய்லாந்தில் சட்டவிரோதம். பையில் வைத்திருக்கவே கூடாது.

படகில் செல்லும் நாளுக்கு என்ன எடுத்துச் செல்ல வேண்டும்?

நீர் புகாத பை, மாற்றுடை, குடிநீர்ப் புட்டி, குமட்டலுக்கான மாத்திரை, பூங்கா நுழைவுக் கட்டணத்துக்கான ரொக்கம். வெளிநாட்டுப் பெரியவருக்குக் கட்டணம் பூங்காவுக்கேற்ப மாறும். சுற்றுலாக் கட்டணத்தில் அது அடங்குமா என்று முன்பே கேளுங்கள். முதுகுவலி உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் விரைவுப் படகைத் தவிர்த்துப் பெரிய படகில் செல்ல வேண்டும். விரைவுப் படகின் முன்பகுதியில் குலுக்கல் மிகக் கடுமை. நீள்வால் படகின் முகப்பில் வண்ணத் துணியும் மாலையும் சுற்றியிருப்பதைக் காண்பீர்கள். படகைக் காக்கும் தேவதை மே யா நாங் அங்கே உறைவதாக மீனவர்கள் நம்புவதால், அதன்மேல் காலை வைத்து ஏறாமல் பக்கவாட்டில் ஏறுங்கள்.